சொந்தக் கடையில் வைக்காத பிள்ளை

தூத்துக்குடியில் நான் வேலைக்குச் சேர்ந்த மேலாண்மைக் கல்லூரியின் ஆசிரியர் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது, அழைப்பில்லாமல் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குள் போய்விட்டவள் போலக் கூச்சமாக இருந்தது. மார்க்கெட்டிங் எடுப்பவர் நிதி மேலாண்மை எடுப்பவருக்கு மச்சான். கணக்கியல் எடுக்கும் அம்மா அந்த இரண்டு பேருக்கும் சித்தி முறை. புள்ளியியல் சார் ஒருவர்தான் யாருக்கும் சொந்தமில்லாதவர் என்று நம்பி அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அடுத்த மாதம் கல்யாணமாம், பெண் எங்கள் நூலகரின் தங்கையாம். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நன்றிதான். சேர்ந்த மறுவாரமே என் டிபன் டப்பாவிலிருந்த சாளைக் குழம்பு மேசை முழுக்கச் சுற்றிவிட்டு காலியாகத்தான் என்னிடம் திரும்பி வந்தது. பதிலுக்கு என் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு முடிக்க முடியவில்லை. சித்தி அம்மா எனக்கும் சித்தி போலவே நடந்துகொண்டார். ஆனாலும் ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பை மூட்டிக்கொண்டே இருந்தது. மனிதவளப் பாடத்தில் பணியிடப் பன்முகத்தன்மை என்று ஒரு பகுதி உண்டு. பல இடத்து ஆட்களும் பல விதமாக வளர்ந்தவர்களும் சேர்ந்து வேலை செய்தால் நிறுவனம் எப்படிச் செழிக்கும் என்று அதில் விலாவாரியாக இருக்கும். அந்தப் பாடத்தை இந்த அறையிலிருந்து எழுந்து போய்த்தான் நடத்தினார்கள். நடத்தியவருக்கும் சிரிப்பு வரவில்லை, கேட்ட மாணவர்களுக்கும் வரவில்லை. எல்லாரும் பரீட்சையில் அழகாக எழுதி மார்க் வாங்கினார்கள்.

அந்தக் கல்லூரி பனங்காட்டு ஊர்களிலிருந்து வந்து தூத்துக்குடியில் கடை வைத்து முன்னுக்கு வந்த வியாபாரக் குடும்பங்களுடையது. ஒவ்வொரு கடையிலும் தருமத்துக்கென்று எடுத்துவைக்கும் மகமையில் கட்டியது. தங்கள் பிள்ளைகள் படிக்கத் தாங்களே கட்டிய கல்லூரியில் தங்கள் ஆட்களே பாடம் நடத்துவதில் அவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. எங்கள் துறைத்தலைவர் ஒருவருக்குத்தான் உறுத்தியது. அவரும் அதே குடும்பங்களில் ஒருவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. தரம் பார்க்க வந்த வெளியூர்க் குழு ஒன்று, "உங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே ஊரா?" என்று கேட்டதாம். இவர், "ஊரு என்ன ஊரு, ஒரே தெரு" என்று சொல்லிவிட்டார். நிர்வாகத்தில் அதற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். அதையே காரணமாக வைத்து, அடுத்த ஆசிரியர் பணியிடத்தைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து வெளி ஆளைத்தான் எடுக்கவேண்டும் என்று அவரும் பிடிவாதமாக நின்றார். அந்தப் பணியிடத்துக்கு வந்தவள் நான்.

நான் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டலாக இருந்தவர், அதாவது தோணிக்குத் தலைவர். அண்ணன் பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி ஏஜென்சி வைத்திருக்கிறான். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், சிமெண்டு என்று எது ஏறினாலும் அதற்கான சுங்கக் காகிதமெல்லாம் அவன் கையில்தான். நான் சரக்குப் போக்குவரத்தில் முனைவர் பட்டம் வாங்கி, சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மகள் அவரோடு தூத்துக்குடியில். மாதத்தில் எப்போதாவது ஒரு சனிக்கிழமை காலையில் நான் வந்து இறங்கினால், பிள்ளையின் ஒரு பக்கச் சடை காதுக்கு மேலேயும் மறுபக்கச் சடை தோளுக்குக் கீழேயும் தொங்கும். அவர் பின்னிய சடை. பெரிய கயிறெல்லாம் முடிச்சுப் போடத் தெரிந்த மனிதருக்குப் பிள்ளையின் தலைமுடி வசப்படவில்லை. சிரித்துக்கொண்டே பிரித்துப் பின்னிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலேறியதும் அழுவேன்.

அதனால் இந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்லை. ஆனால் முதல் வருஷம் தகுதிகாண் காலம். மே மாதம் நிர்வாகக் குழு கூடி, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும். அந்தப் பயத்தில் சென்னை விடுதியில் என் பெட்டியைத் தோழியின் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டில் கேட்டபோது, அதில் பழைய புத்தகம்தான் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பாதி மழைக்காலத் துணி, மீதி திரும்பிப் போகவேண்டிவந்தால் தேவைப்படுகிற எல்லாம்.

தை பிறந்து கொஞ்ச நாளில் துறைத்தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், எனக்கு ஒளிச்சு வைக்கத் தெரியாது. மாவட்டம் செயலாளருக்கு போன் போட்டிருக்காரு."

செயலாளர் என்றால் எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவின் செயலாளர். மாவட்டம் என்றால் கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருப்பவர். எங்கள் பக்கம் பதவியே ஆளுக்குப் பெயராகிவிடும். வட்டம் வந்தார், ஒன்றியம் சாப்பிட்டார், மாவட்டம் கோபமாக இருக்கிறார் என்றுதான் பேச்சு. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எந்தக் கட்சியானாலும் அந்த போன் ஒரே மாதிரிதான் அடிக்கும். அவருடைய அக்கா மகன் எம்.பி.ஏ. முடித்து, மேலே படித்துக்கொண்டிருக்கிறானாம். நம்ம காலேஜ் இருக்கும்போது அவன் எதற்கு வெளியே அலையவேண்டும் என்று கேட்டாராம்.

"செயலாளர் என்ன சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லல. அவுக ஒண்ணும் சொல்லலைன்னா யோசிக்காவன்னு அர்த்தம். நீங்க மே வரைக்கும் ஒரு தப்பும் பண்ணாம இருந்துக்கிடுங்க. அது போதும்."

நான் ஒரு தப்பும் பண்ணாமல் இருக்கவேண்டும் என்று மிகவும் கவனமாக இருந்தேன். அந்தக் கவனத்திலேயே பெரிய தப்பாகப் பண்ணினேன்.

முதலாம் ஆண்டு மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதுவரை பாதிப்பேரைச் சாகுபுரம் ரசாயன ஆலைக்கும் மீதியை வங்கிகளுக்கும் அனுப்புவார்கள். பிள்ளைகள் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துவிட்டு, சான்றிதழோடு திரும்பி வருவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. என் வகுப்பில் முக்கால்வாசிப்பேர் வியாபார வீட்டுப் பிள்ளைகள். வத்தல் மண்டி, உப்பு, இரும்பு, பாத்திரம், பலசரக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் தலைமுறையாக நடக்கும் தொழில் இருக்கிறது. படித்த கண்ணோடு போய் அவரவர் வீட்டுத் தொழிலையே பார்த்துவிட்டு வரட்டும் என்று, ஒவ்வொருவரையும் சொந்த அப்பா கடையிலேயே பயிற்சிக்குப் போட்டேன். எல்லா வீட்டுக்கும் கல்லூரி முத்திரையோடு தகவல் போனது. எனக்கு ஒரே பெருமை. இப்படி ஒரு யோசனை இத்தனை வருஷம் இவர்களுக்குத் தோன்றவில்லையே என்றுகூட நினைத்தேன், திமிர்தான்.

கடற்கரையில் அதுதான் முறை. பிள்ளை முதன்முதலாகக் கடலுக்குப் போகிறது என்றால் அப்பன் இருக்கிற தோணியில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் தாய்மாமன் தோணியில். அயலார் தோணியில் யாரும் பிள்ளையை விடமாட்டார்கள். தொழில் பழகுவது என்றால் சொந்தத்தில் பழகுவது என்பது எனக்குள் ஊறிப்போன விஷயம். அதற்கு வேறு மாதிரியும் இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் பெற்றோர் கூட்டம். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு போனேன். இரும்புக் கடைக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யம்மா, எம் பையன எங்கடையிலயே போட்டிருக்கியளே, நாங்க உங்களுக்கு என்ன துரோகம் செஞ்சோம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா சொன்னார். "வீட்டுல சொல்லுதத கேக்காதவன் கடையில கேப்பானா? போன உடனே கல்லாவுல கால் மேல கால் போட்டுல்லா உக்காருவான். எங்காளும் ஒண்ணும் சொல்லமாட்டாவ. பிள்ள கெட்டுக் குட்டிச்சுவரா போயிருவான்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இந்த வியாபாரக் குடும்பங்களில் பிள்ளையைச் சொந்தக் கடையில் தொழில் பழக விடுவதே இல்லை. மதுரையிலோ விருதுநகரிலோ சென்னையிலோ இன்னொரு முதலாளி கடையில் கொண்டுபோய் விடுவார்கள். லட்சாதிபதி வீட்டுப் பிள்ளையும் அங்கே கடை பெருக்கவேண்டும், மூட்டை பிரிக்கவேண்டும், எடை போடவேண்டும், ஏச்சு வாங்கவேண்டும். அந்த முதலாளி நல்லபடியாகச் சொல்லி அனுப்பிய பிறகுதான் அப்பா கடையில் கால் வைக்கலாம். இப்போது பிள்ளைகள் எம்.பி.ஏ. படிக்க வந்துவிட்டதால் அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. கல்லூரி சொல்லும் இந்தக் கோடைப் பயிற்சியைத்தான் அதற்குப் பதிலாக அவர்கள் நம்பியிருந்தார்கள். நான் போய், இந்த ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதே என்றிருந்தவர்களின் வயிற்றில் அடித்துவிட்டேன்.

சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் மதியத்துக்குள் விஷயம் பஜார் முழுக்கப் பரவிவிட்டது. மாவட்டத்தின் காதுக்கும் போயிற்று. அவர் செயலாளருக்கு மறுபடி போன் போட்டு, நம்ம முறையே தெரியாத ஆளை வைத்துக்கொண்டு நம்ம பிள்ளைகளுக்கு எப்படி வியாபாரம் சொல்லிக்கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டாராம். எனக்கே அதில் நியாயம் இருக்கிறது போலத் தோன்றியது. அதுதான் அன்று என்னை அதிகமாக நோகடித்தது.

மறுநாள் செயலாளர் என்னைத் தன் கடைக்கு வரச் சொன்னார். அவர் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். கல்லூரியில் அவருக்கென்று பெரிய அறை உண்டு, ஏசி உண்டு. ஆனால் எந்த முடிவானாலும் மண்டியில் உட்கார்ந்துதான் எடுப்பார். போகும் முன் துறைத்தலைவர் எனக்கு ஒரே ஓர் அறிவுரை சொன்னார். "சார்னு கூப்புடாதீங்க. தனக்குப் பின்னால யாரோ நிக்காவன்னு திரும்பிப் பாப்பாவ. அண்ணாச்சின்னு சொல்லுங்க."

மண்டிக்குள் கால் வைத்ததுமே தும்மல் பிடித்துக்கொண்டது. கூரை வரைக்கும் வத்தல் மூட்டை. செயலாளர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் மூக்கு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"உக்காருங்க டீச்சர். மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றார். நான் உட்கார்ந்தேன். "இந்த முறையை உங்களுக்கு அங்கன யாரும் சொல்லலையோ?"

"இல்ல அண்ணாச்சி. எங்க பக்கம் வேற மாதிரி. பிள்ளைய மொதல்ல கடலுக்கு அனுப்பும்போது அப்பனோ தாய்மாமனோ கூட இருக்கணும். தவறி விழுந்தா தூக்க ஆளு வேணும்லா. அந்த நெனப்புலதான் செஞ்சிட்டேன்."

"கடல்ல அதான் சரி" என்றார். "கடையில விழுந்தா யாரும் தூக்கக்கூடாது டீச்சர். அவனாத்தான் எந்திரிக்கணும். சொந்தக்காரன் கூட இருந்தா தூக்கிவிட்டுருவான், அதான் வம்பு."

கோபமாகப் பேசவில்லை. அதற்கே நான் அவருக்குக் கடமைப்பட்டவள். பிறகு கையிலிருந்த ஒரு வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னார். "கமிட்டில என்ன சொல்லுதாவன்னா, நம்ம முறை தெரிஞ்ச ஆளா ஒருத்தரப் போட்டுக்கிட்டா பிள்ளையளுக்கு நல்லதுல்லாங்காவ. மாவட்டம் சொல்லுததுக்காக நான் சொல்லல. நீங்க நல்லாத்தான் நடத்துதியன்னு எம் மகளே சொல்லுதா. உங்க வகுப்புலதான இருக்கா."

இருந்தாள். கடைசி வரிசையில், தான் யார் மகள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்காரும் பெண். அவள் பெயரை இழுத்து என்னை ஆறுதலாக வழியனுப்பப் பார்க்கிறார் என்று புரிந்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பயந்துகொண்டு போன இடத்தில் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். அப்பாவும் அப்படித்தான், துறைமுகத்து அதிகாரிகளிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அதனால்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? உங்க பிள்ள சொந்தக் கடையில வேல படிச்சா உருப்படாதுங்கிய. மாமா, சித்தப்பான்னா ஏசமாட்டாவ, தப்பு செஞ்சாலும் மூடி மறச்சிருவாவங்கிய. சரி, ஒத்துக்கிடுதேன்." ஒரு தும்மல் போட்டேன். "அதே பிள்ளைய வருஷம் முழுக்க காலேஜில சித்தி கிட்டயும் மச்சான் கிட்டயும் ஒக்காரவச்சிருக்கியளே, அது மட்டும் எப்படி உருப்படும்? கடைக்கு வேண்டாங்கிற சொந்தம் காலேஜுக்கு மட்டும் எதுக்கு?" இன்னும் சொல்ல இருந்தேன். அதற்குள் வரிசையாகத் தும்மல் வந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டார். செயலாளர் வத்தலைக் கீழே வைத்தார். கோபமா இல்லையா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது அவர் கைபேசி அடித்தது. பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்தார்.

"சொல்லுங்க மாவட்டம். ஆமா, இங்கனதான் இருக்காவ." எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "நம்ம பையன்தான், இல்லைன்னு யாரு சொன்னா? அதான் எனக்கு யோசனையா இருக்கு. நம்ம பையன நம்ம கடையில வச்சு வேல பழக்குதது நம்மள்ல கெடையாதுல்லா. உங்கப்பாவே உங்கள விருதுநகர்ல கொண்டுபோயி விட்டவருதான. இல்ல, நான் வெளையாட்டுக்குச் சொல்லல. வேற காலேஜில எங்கயாவது கொஞ்ச காலம் பழகட்டும். நாலு பேரு கிட்ட ஏச்சு வாங்கட்டும். பழகுன பொறவு வரச் சொல்லுங்க, நானே நின்னு கூப்புட்டுப் பாக்குதேன்."

அந்தப் பக்கம் மாவட்டம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீளமாகச் சொன்னார். செயலாளர் "சரி, சரி" என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"வீட்டுக்குப் போங்க டீச்சர்" என்றார். "மூக்க நல்லா தண்ணி விட்டுக் கழுவுங்க. கண்ணத் தேய்ச்சிராதீங்க."

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் வாசலிலேயே, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "மூக்கைக் கழுவச் சொன்னாரு" என்றேன்.

அந்த ஒரு போனுக்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பிறகுதான் தெரியவந்தது, அதையும் துறைத்தலைவர் சொல்லித்தான். கல்லூரி வாசலில் பேருந்து நின்று போகக் கேட்டிருந்த அனுமதி அதோடு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவருக்காகக் காய்ச்சல் வந்தது. கடற்கரைக்காரிக்காகச் சொந்தப் பையனை விட்டுக்கொடுத்த ஆள் என்று பஜாரில் பேசினார்கள். அடுத்த நிர்வாகத் தேர்தலில் அதையே சொல்லி அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். கேள்விப்பட்டு மண்டிக்குப் போனேன். "நல்லதுதான் டீச்சர், இங்க சோலி எவ்வளவோ கெடக்கு" என்று சிரித்தார். நான் அழுதேன், பழியை வத்தல் மேல் போட்டுக்கொண்டேன். அவர் நம்பியது போலவே காட்டிக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்.

மாவட்டத்தின் அக்கா மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் உண்மையிலேயே கோவில்பட்டியில் ஒரு கல்லூரிக்குப் போனான். சில வருஷம் கழித்து எங்கள் கல்லூரியில் இடம் விழுந்தபோது யார் சிபாரிசும் இல்லாமல் விண்ணப்பித்தான். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். மாதிரி வகுப்பை அத்தனை அழகாக நடத்தினான், எடுத்துக்கொண்டோம். இப்போது என் பக்கத்து மேசை. "உங்களாலதான் மேடம் கோவில்பட்டி பஸ்ஸுல வருஷக்கணக்கா நின்னுக்கிட்டே போனேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கேலி செய்வான். "அதான் இப்போ நல்லா நிக்கத் தெரியுது" என்பேன். அவன் பாடம் நடத்துவதை வெளியே நின்று கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நிதி மேலாண்மைக்கு இப்போது மாப்பிள்ளையூரணிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வணிகச் சட்டம் எடுக்கிறாள். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் புள்ளியியல் நடத்துகிறார், வந்த புதிதில் முதல்வரையே "ஏலே" என்று கூப்பிட்டு எங்களைக் கதிகலங்க வைத்தவர். சித்தி அம்மா ஓய்வு பெறும் வரை இவர்கள் எல்லாருக்கும் சித்தியாகத்தான் இருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவை பணியிடம் வரும்போதும் போன் அடிக்கிறது. வேறு கட்சி, வேறு மாவட்டம், அதே குரல். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அதை எடுத்துப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த வருஷ மே மாதத்துக்கே திரும்பி வருகிறேன், என் விஷயம் இன்னும் முடியவில்லை. மண்டியிலிருந்து வந்த மறுநாளே பயிற்சி ஏற்பாட்டை எல்லாம் கலைத்து மாற்றிப் போட்டேன். உப்பு வியாபாரி மகன் இரும்புக் கடைக்கு, இரும்புக் கடைக்காரர் மகன் காயல்பட்டினத்துத் துணிக்கடைக்கு, கொற்கையிலிருந்து வந்த வாழை வியாபாரி மகள் பாத்திரக் கடைக்கு. முதல் நாள் கும்பிட்டு நின்ற அதே பெற்றோர் தாங்களே போன் செய்து, யார் கடையில் கண்டிப்பு அதிகம் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். சித்தி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடை எந்தப் பிள்ளைக்குச் சொந்தம் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிவைத்தார். அவர் இல்லையென்றால் எனக்கு அந்த உறவெல்லாம் பிடிபட்டிருக்காது. சொந்தங்களை முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் ஒன்றுமே தெரியாத என்னைப் போல ஒருத்தியும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் இடம் போடாமல் வைத்திருந்தேன். செயலாளர் மகள். எந்தக் கடையில் போட்டாலும் அவரிடம் சரக்கு வாங்குகிறவராக இருப்பார், அல்லது அவரிடம் கைகட்டி நிற்கிறவராக இருப்பார். யார் அவளை ஏசுவார்கள்? அவரிடம் போய்க் கேட்க எனக்குப் பயம். நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

ஒரு காலையில் அவரே மகளோடு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் உட்காரவில்லை.

"எம் பிள்ளைய இன்னும் எங்கனயும் போடலையாமே டீச்சர்?"

"யார் கிட்ட போட்டாலும் உங்க மகள்னு பாப்பாவ அண்ணாச்சி. அதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

"நானும் யோசிச்சேன்." மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் அங்கன பழைய ஹார்பர்ல தோணி ஏஜென்சி வச்சிருக்காவளாமே. அவுக கிட்ட போடுங்களேன். அவுகளுக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் கெடையாது."

சித்தி அம்மா என் முதுகில் கையை வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சரி அண்ணாச்சி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று தெரியவில்லை.

பயிற்சி தொடங்கிய அன்று மத்தியானம் அண்ணன் போன் செய்தான்.

"ஏளா, அந்த வத்தல் மண்டி அண்ணாச்சி மகளக் கொண்டாந்து விட்டுட்டுப் போறாரு. எம் பிள்ளன்னு பாக்காதிய, தப்பு செஞ்சா ஏசுங்கங்காரு. அந்தப் பிள்ள வேற வெளக்குமாத்த எங்க வச்சிருக்கியன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

"எடுத்துக் குடு. பெருக்கட்டும்" என்றேன். "தப்பு செஞ்சா நல்லா ஏசு."

"ஒனக்கு என்ன கிறுக்கா? ஒங்க செயலாளர் மகளை ஏசுனா ஒன் வேலைய நெனச்சுப் பாத்தியா?"

அதைத்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழு இன்னும் கூடவில்லை, கையில் எந்த உத்தரவும் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அண்ணனிடம் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, சென்னையில் என் தோழிக்குப் போன் செய்தேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என் பெட்டியைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடச் சொன்னேன்.